முதன்முறை மைக் பிடிப்பவர்களுக்கு: பத்து நிமிடப் பேச்சைத் தயாரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று யாராவது கேட்டதும் பலரும் முதலில் செய்வது, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து "அனைவருக்கும் என் அன்பான வணக்கங்கள்" என்று எழுதத் தொடங்குவது. அப்புறம் மூன்று பக்கம் எழுதுவார்கள், மனப்பாடம் செய்வார்கள், மேடையில் இரண்டாவது பத்தியில் ஒரு சொல் மறந்து நின்றுவிடுவார்கள்.

புதிதாகப் பேச வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச்சைத் தயாரிக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். தடுமாறியவர்களில் பெரும்பாலானோருக்கு நல்ல குரல் இருந்தது, விஷயமும் தெரிந்திருந்தது. வேலையைத் தப்பான வரிசையில் செய்திருந்தார்கள். எது முதலில், எது பிறகு, ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே பேச்சைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழைநீர் சேகரிப்புக் குழி அடைத்துக் கிடக்கிறது. சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசி, அதைச் சரிசெய்ய எல்லாரையும் சம்மதிக்கவைக்க வேண்டும். பேச ஒப்புக்கொண்டவர் அதுவரை மைக் பிடித்திராத ஓர் அக்கா. அவரோடு சேர்ந்து செய்த வேலையைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

குரல் பதிவுசெய்ய ஒரு போன். கெட்டி அட்டை நான்கைந்து (பழைய கல்யாணப் பத்திரிகையை அஞ்சலட்டை அளவுக்கு வெட்டினால் போதும்). தடிமனாக எழுதும் மார்க்கர் ஒன்று. நீங்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்க ஒரே ஓர் ஆள். அப்புறம் ஏழு நாள், தினமும் அரைமணி நேரம்.

ஏழு நாளுக்குப் பதில் கடைசி நாளில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. இன்று பேசிப் பார்த்ததை நாளை மறுபடி பேசும்போதுதான் எது மனதில் நின்றது, எது நழுவியது என்று தெரியும். நழுவியது பெரும்பாலும் தேவையில்லாததாக இருக்கும்.

1. ஒப்புக்கொள்ளும்போதே ஐந்து கேள்வி கேளுங்கள்

பத்து நிமிடம் என்பதில் கேள்வி நேரமும் சேர்த்தியா? எதிரில் உட்காரப் போகிறவர்கள் யார்? எனக்கு முன்னால் யார், பின்னால் யார் பேசுகிறார்கள்? கையில் பிடிக்கும் மைக்கா, மேசையில் நிற்கும் மைக்கா? திரை, புரொஜெக்டர் உண்டா?

மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வரவேற்புரையும் தலைமையுரையும் முடிந்து சிறப்புரைக்குப் பிறகுதான் உங்கள் முறை என்றால், கூட்டம் அதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். பத்து நிமிடம் ஐந்தாகச் சுருங்கவும் வாய்ப்புண்டு. சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்றால் கண்டிப்பாகச் சுருங்கும். இது முன்கூட்டியே தெரிந்தால் ஐந்து நிமிட வடிவம் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா கேட்டுவந்த பதிலில் ஒரு நல்ல செய்தி இருந்தது: அவருக்கு முன்னால் பொருளாளர் வரவுசெலவுக் கணக்கு வாசிக்கிறார். லாரித் தண்ணீருக்கு ஆன செலவு அதில் வரும். அவர் வாசித்து முடித்த இடத்தில் இவர் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

2. கடைசி வாக்கியத்தை முதலில் முடிவுசெய்யுங்கள்

"மழைநீர் சேகரிப்பின் முக்கியத்துவம்" என்பது வெறும் தலைப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் நாட்டின் நீர்வளம், பருவநிலை மாற்றம், முன்னோர் வெட்டிய ஏரி என்று எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம். எங்கே நிற்பது என்று மட்டும் தெரியாது.

பேச்சு முடிந்து வெளியே போகிறவர் என்ன செய்ய வேண்டும், அல்லது எதை நினைவில் வைத்திருக்க வேண்டும்? அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அக்கா எழுதியது: "வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், செப்டம்பர் முடிவதற்குள் குழியைத் தூர்வாரி கூழாங்கல்லும் மணலும் மாற்ற இன்றைக்கே சம்மதம் கொடுங்கள்."

இதை அட்டையில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். இனி மனதில் தோன்றுகிற ஒவ்வொன்றையும் இந்த வாக்கியத்தின் முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். இந்தச் சம்மதத்தை வாங்க உதவுமா? உதவாது என்றால், எவ்வளவு அழகான செய்தியாக இருந்தாலும் வெளியே. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட செய்தியை அக்கா விரிவாகச் சேகரித்து வைத்திருந்தார். அதில் ஒரே ஒரு வரி மட்டும் உள்ளே வந்தது: கட்டாயம் என்பதால் கட்டினோம், கட்டியதோடு மறந்துவிட்டோம்.

3. எழுதாதீர்கள், முதலில் வாயால் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நாம் எழுதுகிற தமிழ் வேறு, பேசுகிற தமிழ் வேறு. பேனாவை எடுத்தவுடன் கை தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடும். மேடையில் நிற்கும்போது வாய் பேச்சுத் தமிழுக்கு இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் மூளை மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மனப்பாடம் செய்தவர் நடுவில் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். பயம் அதன்மேல் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான்.

அக்கா முதலில் எழுதிக்கொண்டு வந்தது இது: "நமது குடியிருப்பில் அமைந்துள்ள மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்பானது பராமரிப்பின்மை காரணமாகச் செயலிழந்த நிலையில் காணப்படுகிறது."

அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு, "உங்க தங்கச்சிக்குப் போன் போட்டு இதைச் சொல்றதா நினைச்சுச் சொல்லுங்க" என்றேன். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னார்: "நம்ம குழி அடைச்சுக்கிட்டு மூணு வருஷம் ஆச்சுடி. மழை பெஞ்சா தண்ணி கீழ இறங்கவே மாட்டேங்குது, நேரா ரோட்டுக்குப் போயிடுது. அப்புறம் தண்ணி இல்லேன்னு லாரிக்குக் காசு குடுக்கறோம்."

"டி"யை எடுத்துவிட்டால் பேச்சின் முதல் பகுதி முடிந்தது. அவர் தேடிக்கொண்டிருந்த வாக்கியங்கள் ஏற்கெனவே அவர் வாயில் இருந்தன.

செய்முறை இதுதான். எதையும் எழுதாமல், எதிரில் ஒருவரை உட்காரவைத்து, விஷயத்தை முழுவதும் சொல்லுங்கள். பதிவுசெய்யுங்கள். தடுமாறினாலும் நிறுத்தவேண்டாம். பிறகு கேட்டுப்பாருங்கள். எதிரில் இருந்தவர் எங்கே "அப்படியா?" என்றார், எங்கே கண்ணைத் திருப்பினார் என்று அவரிடமே கேளுங்கள். மறுநாள் மறுபடி சொல்லுங்கள். மூன்றாவது முறைக்குள் பேச்சு தனக்கான உருவத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு குறிப்பு எழுதினால் போதும்.

மேடையில் முழுப் பேச்சுத் தமிழ் சரியாக இருக்குமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. இடத்தைப் பொறுத்தது. பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் இலக்கிய மேடையிலும் எழுத்துத் தமிழை எதிர்பார்க்கிறார்கள். அங்கே அதைத்தான் பேச வேண்டும். சங்கக் கூட்டம், அலுவலகம், கிராம சபை, பெற்றோர் கூட்டம் போன்ற இடங்களில் வீட்டுப் பெரியவரிடம் மரியாதையோடு பேசுகிற தமிழ் போதும். கோவைப் பேச்சோ நெல்லைப் பேச்சோ, உங்கள் ஊர் வாடையை மறைக்கப் பாடுபடாதீர்கள். அதை மறைக்கிற முயற்சியில் முகமும் விறைத்துப் போகிறது.

ஆனால் உச்சரிப்பில் சலுகை இல்லை. குழி என்பது குளி ஆகிவிட்டால் கேட்பவரின் கவனம் சட்டென்று அறுந்துவிடும். உங்கள் பேச்சில் அடிக்கடி வரப்போகிற ழகர, ளகர, றகரச் சொற்களைப் பத்துப் பதினைந்து பொறுக்கி, தினமும் மெதுவாகச் சத்தம்போட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

4. எட்டு நிமிடத்துக்கு மட்டும் சரக்கு வையுங்கள்

பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்துக்குத் தயாரிக்க வேண்டும். எழுந்து வருவது, மைக்கைச் சரிசெய்வது, நடுவில் யாரோ கதவைத் திறந்து வருவது என்று மீதி இரண்டு நிமிடம் தானாகக் கரைந்துவிடும்.

நிமிடத்துக்கு 130, 150 சொற்கள் என்று ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் கணக்கை நம்பித் தயாரிக்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களில் சொல்வது தமிழில் "போய்விட்டிருந்ததால்" என்று ஒரே சொல்லாக நிற்கும். நான் பதிவுசெய்து எண்ணிப் பார்த்தவரையில், நிதானமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் பேசுகிறார். எட்டு நிமிடத்துக்கு 750 சொற்களே தாராளம்.

அதற்குள் மூன்று விஷயத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அக்காவின் பேச்சு இப்படி நின்றது: இப்போது தண்ணீர் எங்கே போகிறது, அது எவ்வளவு தண்ணீர், குழியைச் சரிசெய்ய எத்தனை நாள் வேலை, என்னென்ன என்பது மூன்றாவது. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவதால் மறக்க வழியில்லை. வரிசை அப்படி அமையவில்லை என்றால், விஷயங்களை இடம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் ஒன்று எண்ணே சொல்வதில்லை, அல்லது அடுக்கடுக்காகக் கொட்டுகிறார்கள். ஒரே எண்ணை எடுத்து, கேட்பவர் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக மாற்றுங்கள்.

அக்காவின் குடியிருப்பு மொட்டை மாடி 4,000 சதுர அடி. அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் 3,700 லிட்டர். இதை இப்படியே சொன்னால் யார் மனதிலும் எதுவும் ஓடாது. "மூணேகால் சென்டிமீட்டர் மழை பெஞ்சா, நம்ம மாடியில விழற தண்ணி பன்னிரண்டாயிரம் லிட்டர். வாசல்ல வந்து நிக்குதே, அந்தப் பெரிய லாரி, அது ஒண்ணு" என்று சொன்னபோது, எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். மழைக்காலத்தில் சென்னையில் ஒரே இரவில் அவ்வளவு மழை கொட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். விழுந்ததில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் சிந்திப்போகும், எல்லாமே குழிக்கு வந்து சேராது என்பதையும் அவரே ஒரு வரியில் சொல்லிவிட்டார். குறையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், கேள்வி நேரத்தில் அதைக் கிளப்புகிறவருக்குப் பதில் தயாராக இருக்கும். மற்ற எண்களையும் கூட்டம் நம்பும்.

5. தொடக்கம் இப்போதுதான்

என்ன பேசப்போகிறோம் என்று முடிவானபிறகுதான் எப்படித் தொடங்குவது என்று யோசிக்க முடியும். வாசலை வைத்துவிட்டு வீட்டை யோசித்தால் இரண்டும் ஒட்டாது.

நம் மேடைகளில் நேரத்தைத் தின்பது விளிப்பு. தலைமை தாங்கும் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, வருகை தந்திருக்கும் அவர்களே என்று போனால் இரண்டு நிமிடம் போய்விடும். அதில் ஒருவர் பெயர் விட்டுப்போனால் அந்தக் கவலை பேச்சு முழுக்கக் கூடவே வரும். சம்பிரதாயம் கண்டிப்பாக வேண்டிய மேடை என்றால் தலைவர் பெயரை மட்டும் சொல்லி, "மேடையில் இருக்கும் பெரியோர்களுக்கும், எதிரில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்" என்று முடித்துவிடுங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

வணக்கத்துக்கு அடுத்த வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும். கேட்பவர்கள் தாங்களே அனுபவித்த ஒன்றிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது. அக்கா தொடங்கியது: "2019 கோடையில நாம எல்லாரும் குடத்தோட கீழ நின்னது ஞாபகம் இருக்கா?" சென்னையின் ஏரிகள் வறண்ட வருடம் அது. கூட்டத்தில் அதை மறந்தவர் ஒருவரும் இருக்க முடியாது.

"நான் பெரிய பேச்சாளர் கிடையாது", "தயாரிக்க நேரம் கிடைக்கவில்லை", "தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். நீங்கள் சொன்னபிறகுதான் கூட்டம் தப்பைத் தேட ஆரம்பிக்கும்.

முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி ஒரு வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். படபடப்பு உச்சத்தில் இருப்பது எழுந்து நின்ற அந்த முதல் அரை நிமிடத்தில்தான். அப்போது யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது.

6. அட்டையில் எழுத வேண்டியது

ஒரு பகுதிக்கு ஓர் அட்டை. ஓர் அட்டையில் நான்கு ஐந்து சொற்கள், கை நீட்டிப் பிடித்தால் படிக்கும் அளவுக்குப் பெரிதாக. "குடம் - 2019", "ரோட்டுக்குப் போகுது", "3¼ செ.மீ = 1 லாரி". முழு வாக்கியம் எழுதாதீர்கள். எழுதினால் கண் அதை வாசிக்கத் தொடங்கிவிடும், தலை நிமிராது.

தாளுக்குப் பதில் கெட்டி அட்டை ஏன் என்றால், கை லேசாக நடுங்கினாலும் ஏ4 தாளின் நுனி படபடக்கும். அது கடைசி வரிசை வரை தெரியும். மைக்குக்குப் பக்கத்தில் தாள் உரசினால் மழை பெய்வதுபோல ஸ்பீக்கரில் கேட்கும். அட்டை நடுக்கத்தைக் காட்டாது.

அட்டைகளுக்கு மூலையில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். கீழே விழுந்தால் பொறுக்கி அடுக்க அது ஒன்றுதான் வழி.

7. ஸ்லைடு தேவையா? தேவை என்றால் இப்போது

புதியவர்கள் முதல் வேலையாக பவர்பாயின்ட்டைத் திறந்துவிடுகிறார்கள். பேச்சு உருவாகும் முன்பே ஸ்லைடு செய்தால், ஸ்லைடில் இருப்பதை வாசிப்பதே பேச்சாகிவிடும். கூட்டத்துக்கு வாசிக்கத் தெரியும், உங்களைவிட வேகமாகவே வாசித்து முடித்துவிட்டு, நீங்கள் முடிக்கக் காத்திருப்பார்கள்.

சொல்லால் காட்ட முடியாதது எது? அதற்கு மட்டும் ஸ்லைடு. அக்காவிடம் மொத்தம் மூன்று: மூன்று வருடச் சேறும் இலையும் நிறைந்த குழியின் போட்டோ, மழைநாளில் வாசலில் தண்ணீர் ஓடும் போட்டோ, குழியின் உள்ளே அடுக்குகள் எப்படி இருக்க வேண்டும் என்று கையால் வரைந்த படம். எழுத்து தேவைப்பட்டால் ஒரு ஸ்லைடுக்கு ஒரு வரி, 32 அளவுக்குக் குறையாமல். செய்து முடித்ததும் லேப்டாப்பிலிருந்து ஏழெட்டு அடி பின்னால் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து படிக்க முடியாததைக் கடைசி வரிசையில் இருப்பவரும் படிக்க முடியாது.

தமிழ் எழுத்துருதான் பெரிய ஆபத்து. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகிவிடும். யுனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) தட்டச்சு செய்தாலும், அழகுக்காகச் சேர்த்த எழுத்துரு அங்கே இல்லையென்றால் வரிகள் இடம் மாறிப்போகும். விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ போன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள். அதோடு பிடிஎஃப் பிரதி ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும், அதையே உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். பிடிஎஃபில் எழுத்து அப்படியே உறைந்திருக்கும்.

இரண்டு விசைகளைப் பழகிக்கொள்ளுங்கள். பவர்பாயின்ட் ஓடும்போது ஆங்கில B எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகும், எல்லார் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் படம் வரும். ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போகும். கேள்வி நேரத்தில், "அந்தப் படத்தை மறுபடி காட்டுங்க" என்றால் எல்லா ஸ்லைடையும் பின்னோக்கி ஓட்ட வேண்டியதில்லை.

8. ஒத்திகை நின்றுகொண்டுதான்

நாற்காலியில் உட்கார்ந்து மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மனதுக்குள் யாரும் மூச்சு வாங்குவதில்லை. எழுந்து நின்று, சத்தமாக, கையில் மைக் கனத்துக்கு ஒரு டார்ச் லைட்டையோ தண்ணீர் பாட்டிலையோ பிடித்துக்கொண்டு, முழுவதும் பேசுங்கள். நடுவில் பிழை வந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்காமல் சமாளித்து மேலே போங்கள். மேடையில் தேவைப்படுவது அந்தச் சமாளிக்கும் பழக்கம்தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால் முதல் பாதி நன்றாகப் பழகியிருக்கும், பின்பாதி பச்சையாகவே இருக்கும்.

நான்காவது ஐந்தாவது ஒத்திகையை வீடியோ எடுங்கள். முதலில் படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு உடம்பை மட்டும் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் நம் முகத்தைப் பார்த்துக் கூசுவதிலேயே கவனம் போய்விடும்.

குரலில் கவனிக்க வேண்டியது நிரப்புச் சொற்கள். "வந்து", "அதாவது", "என்னன்னா", "ஆக்சுவலா", "சரிங்களா". அக்காவின் முதல் வீடியோவில் "வந்து" 31 முறை வந்தது. அதைச் சொல்லாதே என்று மனதுக்குக் கட்டளை போட்டால் இன்னும் அதிகமாக வரும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் உதடு இரண்டையும் மூடுங்கள். வாய் மூடியிருக்கும்போது "வந்து" வர முடியாது. அந்த இடத்தில் மூச்சும் கிடைக்கும். பேசுகிறவருக்கு அந்த மௌனம் நீளமாகத் தோன்றும். கேட்பவருக்கு அது புரிந்துகொள்ளக் கிடைத்த அவகாசம். அக்காவின் கடைசி ஒத்திகையில் ஆறுதான் மிச்சம். ஆறு இருக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

9. பேசும் நாள்

அரைமணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். முதலில் பார்க்க வேண்டிய ஆள் தலைவர் அல்ல, மைக் செட்காரர். "அண்ணே, நான் ரெண்டாவதா பேசறேன், ஒரு தடவ பேசிப் பாத்துக்கறேன்" என்று கேட்டால் சந்தோஷமாக உதவுவார். உங்கள் குரலுக்கு ஏற்ப அவர் ஒருமுறை சரிசெய்துவிட்டால் மேடையில் "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்க வேண்டியிருக்காது.

மைக்கில் நடக்கும் தவறுகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வாயிலிருந்து மூன்று நான்கு விரல் தூரத்தில், முகவாய்க்கு நேராகக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். வாய்க்கு நேர் எதிரில் பிடித்தால் பகரம் வரும்போதெல்லாம் காற்று மோதி "டப்" என்று கேட்கும். தலையில் உள்ள வலையைக் கையால் பொத்தாதீர்கள், "கீ" என்ற சத்தம் கிளம்ப அதுவும் ஒரு காரணம். மைக்கோடு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் அதே சத்தம்தான். ஊதிப் பார்க்கவோ தட்டிப் பார்க்கவோ வேண்டாம், "வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தால் போதும். மேசை மைக் என்றால், தலையைத் திரை பக்கம் திருப்பியதும் குரல் காணாமல் போகும். பார்த்துவிட்டு, திரும்பி வந்து பேசுங்கள்.

லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ கேபிள் செருகும் இடம் இருக்கிறதா, பழைய விஜிஏ மட்டும்தானா, உங்கள் கணினிக்கு மாற்றி (அடாப்டர்) வேண்டுமா என்பது பேச எழுந்தபிறகு கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. படம் திரையில் வரவில்லை என்றால் விண்டோஸ் விசையோடு ஆங்கில P எழுத்தை அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். சாதாரணத் தண்ணீர் ஒரு டம்ளர் பக்கத்தில் இருக்கட்டும். படபடப்பில் வாய் உலர்வது எல்லாருக்கும் நடப்பது. உங்கள் முறைக்கு ஐந்து நிமிடம் முன்னால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்து ஏழெட்டு முறை விடுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது முழுவதும் நிற்காது. பேசுகிற அளவுக்கு இறங்கும், அது போதும்.

10. மைக் முன்னால்

போய் நின்றதும் பேசிவிடாதீர்கள். இரண்டு காலும் தரையில் சமமாகப் பதியட்டும், முழங்காலை விறைக்காமல். அட்டையை வையுங்கள். எதிரில் தெரிந்த முகம் ஒன்றைப் பாருங்கள். அப்புறம் வணக்கம். மொத்தம் ஐந்து நொடிதான், ஆனால் கூட்டம் அமைதியாவது அந்த ஐந்து நொடியில்.

ஒரு முழு வாக்கியத்தை ஒருவரைப் பார்த்துச் சொல்லுங்கள், அடுத்த வாக்கியம் வேறு பக்கத்தில் உள்ள இன்னொருவருக்கு. கூட்டத்தின் தலைக்கு மேலே பார்த்துப் பேசு என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிறவருக்கு யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று எப்படித் தெரியும்?

மறந்துவிட்டால் அட்டையைப் பாருங்கள், வெளிப்படையாகவே பாருங்கள். அதுவும் உதவவில்லை என்றால், கடைசியாகச் சொன்ன விஷயத்தை வேறு சொற்களில் இன்னொரு முறை சொல்லுங்கள், அடுத்தது தானாக வந்து நிற்கும். கரண்ட் போனால் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி முன்னால் வந்து உரக்கப் பேசுங்கள். உங்களிடம் இருப்பது ஸ்லைடை நம்பாத பேச்சு.

நேரம் சுருங்கிவிட்டது, துண்டுச்சீட்டு வந்துவிட்டது என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள். நடு அட்டை ஒன்றை விட்டுவிட்டுக் கடைசி அட்டைக்குப் போங்கள். எதை விடலாம் என்று வீட்டிலேயே முடிவுசெய்து அந்த அட்டையின் மூலையில் ஒரு புள்ளி வைத்திருக்க வேண்டும். "இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னால் அதோடு முடித்துவிட வேண்டும்.

11. கேள்வி நேரம்

கேள்வி கேட்டவரை முழுவதும் பேசவிடுங்கள். பிறகு அதை மைக்கில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேள்வி கேட்டிருக்காது. உங்களுக்கும் யோசிக்கச் சில நொடி கிடைக்கும்.

தெரியாததற்கு, "அது எனக்குத் தெரியல, விசாரிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள குரூப்ல போடறேன்" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். கேள்வி என்ற பெயரில் ஒருவர் தனிப் பேச்சு நிகழ்த்தத் தொடங்கினால், அவர் மூச்சு வாங்குகிற இடத்தில், "நீங்க சொல்றதுல முதல் விஷயத்துக்கு மட்டும் இப்ப பதில் சொல்றேன்" என்று மரியாதையோடு வாங்கிக்கொள்ளுங்கள். யாரையும் மேடையிலிருந்து மடக்க வேண்டாம். மைக் உங்கள் கையில் இருக்கிறது, அவரிடம் இல்லை; கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

கேள்வி முடிந்ததும் அப்படியே இறங்கிவிடாதீர்கள். கடைசிக் கேள்வி பெரும்பாலும் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றாக இருக்கும்; அது கூட்டத்தின் காதில் கடைசியாக நிற்கக்கூடாது. 2-ஆம் படியில் எழுதிய வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லிவிட்டு நன்றி சொல்லுங்கள். அக்கா அந்த வாக்கியத்தை இரண்டாவது முறை சொன்ன கையோடு, "கை தூக்குங்க, எண்ணிக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். அது ஒத்திகையில் இல்லாதது.

12. அன்று இரவே கேட்க வேண்டியது

பேசும்போது போனைப் பதிவில் போட்டுச் சட்டைப்பையிலோ மேசையிலோ வைத்துவிடுங்கள். அன்று இரவே ஒருமுறை கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், எந்த இடத்தில் உள்ளுக்குள் என்ன ஓடியது என்பது மறந்திருக்கும்.

குறிப்பு மூன்றே மூன்று: கூட்டம் அமைதியான இடம், சலசலத்த இடம், அடுத்தமுறை மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயம். ஒன்றுதான். பத்துக் குறை எழுதிவைத்தால் பத்தும் அப்படியே இருக்கும். அக்கா எழுதியது, "லாரி கணக்கு சொன்னதும் நிறுத்தியிருக்கணும், ஓடிட்டேன்" என்று. அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். தூர்வாரும் வேலை எப்படி நடந்தது என்று அடுத்த கூட்டத்தில் அவர்தான் சொல்ல வேண்டும்.